நாகாலேலேக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் மடல் கிடைத்தது. ஜனவரியில் ஹவாய்க்குப் போகிறாய், மாவித் தீவின் வடமேற்கு முனையில் நாகாலேலே என்ற இடத்தில் பாறைத்துளை வழியாகக் கடல் சீறி எழுவதைப் படமெடுக்கப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். உன்னை ஈர்த்த ஒரு படத்தையும் இணைத்திருக்கிறாய். ஒருவர் கைகளை விரித்து நிற்கிறார், அவருக்குப் பின்னால் வெள்ளைத் தூணாக நீர். 'இவ்வளவு கிட்டப் போய் வைட் லென்ஸில் எடுத்தால்தானே அந்த வேகம் படத்தில் வரும்?' என்று கேட்கிறாய். இதே கேள்வியை வேறு சில இளைஞர்களும் கேட்டிருப்பதால் பதிலை எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் நான் முதலில் பார்த்தது அவருடைய கால்களைத்தான். பாறை கன்னங்கரேலென்று மின்னுகிறது. குழிகளில் தேங்கிய நீர் இன்னும் நிலைகொள்ளாமல் வழிந்துகொண்டிருக்கிறது. அவருக்கு முன்னாலும் ஈரம், பின்னாலும் ஈரம். சற்று முன்புதான் ஓர் அலை அவர் நிற்கும் இடத்தைக் கழுவிவிட்டுப் போயிருக்கிறது. அடுத்தது வருமா வராதா என்பது அவருக்கும் தெரியாது, கேமராவில் கண்ணை வைத்திருந்தவருக்கும் தெரியாது.

நீ போ, கட்டாயம் போ. ஆனால் துளையை மேலிருந்து பார்க்கும் மேட்டில் நின்று எடு. உயிருக்குப் பயந்து சுமாரான படத்தோடு திருப்தி அடையச் சொல்வதாக நினைத்துவிடாதே. அந்த இடத்தில் நல்ல படம் கிடைப்பதே மேட்டில்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏன் என்று விளக்க வேண்டுமானால் அந்தத் துளை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாவியின் மேற்குப் பாதி முழுக்கப் பழைய எரிமலை ஒன்றின் உடல். ஹவாய் மக்கள் அதை மவுனா கஹாலாவாய் என்கிறார்கள். அதன் சரிவில் இறங்கிய எரிமலைக் குழம்பு கடலோரத்தில் அடுக்கடுக்காக உறைந்து நிற்கிறது. உறையும்போது பாறை சுருங்கும், வெடிப்பு விடும். சில இடங்களில் மேல்தோல் இறுகிவிட, உள்ளே குழம்பு ஓடி வடிந்து, வெற்றுக் குழாய்கள் மிஞ்சும். அலை இந்த வெடிப்புகளையும் பொந்துகளையும் கண்டுபிடித்துவிடும். காலங்காலமாக அடித்து அடித்துக் குடைந்து ஒரு குகை ஆக்கும். குகையின் கூரையில் எங்கேயாவது பலவீனமான இடம் இடிந்து மேலே திறந்துகொண்டால், அதுதான் ப்ளோஹோல்.

அலை குகைக்குள் நுழையும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் நசுங்குகிறது. ஒரே வழி கூரையில் இருக்கும் துளை. வாயகன்ற குகையில் நுழைந்த அலையின் சக்தி முழுவதும் அந்தச் சிறிய வாய் வழியாகக் காற்றும் நீருமாகப் பீறிட்டு வெளிவருகிறது. நாகாலேலேயில் பெரிய அலை அடிக்கும் நாளில் நூறடி வரை எழும் என்பார்கள். இது எல்லாரும் பார்ப்பது. பெரும்பாலானோர் பார்க்கத் தவறுவது அடுத்த பாதியை. அலை பின்வாங்கும்போது குகை காலியாகிறது, மேலே விழுந்த நீர் அத்தனையும் துளையை நோக்கித் திரும்பி ஓடுகிறது, துளை அதை உறிஞ்சிக்கொள்கிறது. மேலே தள்ளும் வேகத்தில் விழுந்தவனைக் கீழே இழுக்கும் வேகம் கொண்டுபோய்விடும். உள்ளே போனால் அங்கே இருப்பது இருட்டுக் குகை, சுற்றிலும் அரம்போன்ற பாறை, அடுத்த அலை.

2011 ஜூலையில் இதே நாகாலேலேயில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி துளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது ஓர் அலை தட்டித் துளைக்குள் தள்ளிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணெதிரே நடந்தது. தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. ஒவாஹு தீவில் கலானியானவோலே நெடுஞ்சாலை ஓரமாக ஹாலோனா என்று இன்னொரு துளை இருக்கிறது. சாலையோரம் வண்டி நிறுத்துமிடம், கைப்பிடிச் சுவர் எல்லாம் உண்டு. அங்கே 2002-இல் 18 வயதுப் பையன் ஒருவன் துளையின் மேலேயே நின்றான். நீர் அவனைத் தூக்கி எறிந்தது. கீழே வந்தவன் துளைக்குள்ளேயே விழுந்து இறந்தான். இந்த இருவரையும் முட்டாள்கள் என்று எழுதியவர்களை நான் படித்திருக்கிறேன், எனக்கு மனம் வலித்தது. அவர்கள் செய்தது அன்றைக்கு அங்கே பலரும் செய்துகொண்டிருந்ததுதான். நாலு பேர் நிற்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, ஐந்தாவதாகப் போகிறவனுக்கு அந்தப் பாறையே உறுதிமொழி கொடுத்ததுபோல இருக்கும். பாறை எந்த உறுதிமொழியும் கொடுக்கவில்லை என்பதை நீ மறந்துவிடாதே.

இன்னொன்று. ஆபத்து துளையில் மட்டும் இல்லை. துளை இருக்கும் பாறைத்தட்டே கடலுக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. பெரிய அலை ஒன்று குகைக்குள் போகாமல் தட்டின் மேலேயே ஏறிவரும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் சற்று அதிக எடை. முழங்கால் உயரம் ஓடும் நீர் வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும், ஈரப் பாறையில் கணுக்கால் அளவே போதும். நம் ஊர் மணற்கரையில் விழுந்தால் மணல் உடம்பைத் தாங்கும். எரிமலைப் பாறை தோலை உரித்துவிட்டு உன்னைத் துளைப்பக்கமோ கடல்பக்கமோ அனுப்பிவைக்கும்.

சரி, அலை எப்போது பெரிதாகும்? படமெடுப்பவன் ஷட்டரைப் படிப்பதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும். நாகாலேலே வடக்கு நோக்கிய கரை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வட பசிபிக்கில், அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளை ஒட்டி, புயல்கள் உருவாகின்றன. அங்கே எழும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி ஹவாயின் வட கரைகளில் வந்து மோதுகின்றன. நீ போவது ஜனவரி, அந்தப் பருவத்தின் உச்சம். மாவியில் வெயில் அடிக்கும், காற்று அமைதியாக இருக்கும், வானம் நீலமாக இருக்கும், கடல் மட்டும் மலைபோல எழும். ஹாலோனாவுக்கு இது மாறும். அது தென்கிழக்குக் கரை. அங்கே ஆண்டு முழுக்க வீசும் வணிகக் காற்றின் அலையும், கோடையில் தென் பெருங்கடலிலிருந்து வரும் அலையும்தான் முக்கியம்.

தொலைவில் அடித்த புயலின் அலை அமைதியான நாளில் வந்து மோதுவது நமக்கும் தெரியாததல்ல. கேரளத்திலும் குமரிக் கடற்கரையிலும் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனதும் அப்படிப்பட்ட ஒரு நாள்தான். இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து வரும் அந்த அலைக்கும் நீ ஜனவரியில் பார்க்கப்போகும் அலைக்கும் பிறப்பு ஒரே விதம். வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அலை முன்னறிவிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உயரம், இன்னொன்று ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி என்பது. எல்லாரும் உயரத்தைப் பார்ப்பார்கள். நீ வினாடியைப் பார். 8 அடி உயரம் 8 வினாடி என்றால் அது பெரும்பாலும் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. அதே 8 அடி 16 வினாடியில் வந்தால் அது எங்கோ தொலைவில் பிறந்தது, சுமந்துவரும் சக்தி இரண்டு மடங்கு. குகைக்குள் அதிக நேரம் தொடர்ந்து நீரைத் தள்ளுவதும் இதுதான். இத்தகைய அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஆகவே வெகுதூரத்தில் இருக்கும் மிதவைகள் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். மாவியின் வடக்கே பாவெலா மிதவை இருக்கிறது, காவாய்த் தீவுக்கு வடமேற்கே இன்னொன்று. இரண்டின் அளவுகளையும் இணையத்தில் எவரும் பார்க்கலாம். வடமேற்கு மிதவையில் வினாடி எண் திடீரென்று கூடினால் அடுத்த சில மணி நேரத்தில் மாவி மாறப்போகிறது என்று பொருள். காலையில் பார்த்த கடலை நம்பி மாலையில் அங்கே இறங்கக் கூடாது.

மிதவை காட்டும் உயரம் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. தனி அலை ஒன்று அதைப்போல இரு மடங்கு வரை வரக்கூடும். இன்னொரு குழப்பமும் உண்டு. உள்ளூர் அலைச்சறுக்கு வீரர்கள் பழைய வழக்கப்படி அலையின் பின்பக்கத்திலிருந்து உயரம் சொல்வார்கள், அது முன்முகத்தின் பாதிதான் வரும். அவர்கள் 'ஆறடி' என்றால் உன் முன்னால் நிற்பது பன்னிரண்டடி. வானிலை மையம் முன்முக உயரத்தையே சொல்கிறது. வட கரைகளுக்கு 15 அடி வந்தால் உயர் அலை அறிவுறுத்தல், 25 அடி வந்தால் எச்சரிக்கை. என் கணக்கு எளிது. அறிவுறுத்தல் இருக்கும் நாளில் மேட்டிலிருந்து ஓரடிகூடக் கீழே இறங்க வேண்டாம். அறிவுறுத்தல் இல்லாத நாளிலும் பாறைத்தட்டுக்கு இறங்காதே. ஹவாயில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று அடிதான், அதனால் ஓதம் இறங்கிவிட்டது என்ற நிம்மதிக்கும் இடமில்லை.

துளை சும்மா இருக்கும் நேரம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. அலை குறைந்து பத்து நிமிடம் ஒன்றும் எழாமல் இருந்தால் ஆட்கள் எட்டிப் பார்க்கப் போவார்கள். குனிந்து உள்ளே என்ன தெரிகிறது என்று பார்ப்பார்கள், போனை நீட்டுவார்கள். பெருங்கடலில் அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். வெவ்வேறு நீளமுள்ள அலைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பெரிதாகும், எதிரெதிராகும் இடத்தில் அடங்கும். அடங்கிய நேரம் பத்து நிமிடமாகவும் இருக்கலாம், இருபதுக்கு மேலும் போகலாம். அதற்குப் பின் வருவது அன்றைய நாளின் ஆகப் பெரிய கூட்டமாகவும் இருக்கலாம்.

அதனால்தான் முதல் அரை மணி, முடிந்தால் முக்கால் மணி, கேமராவைப் பையிலிருந்து எடுக்காதே என்கிறேன். மேட்டில் உட்கார்ந்து பார். முதலில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று பார். கறுத்து மின்னும் பாறை சற்று முன் நனைந்தது. மங்கிய சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பொடி பூத்த பாறை காய்ந்த உப்பு, நனைந்து சில மணி நேரமோ சில நாளோ ஆகியிருக்கும், ஆனால் அங்கும் கடல் வந்திருக்கிறது. தொப்பிபோல ஓடு கொண்ட சிறு கடல்நத்தைகள் பாறையை இறுகப் பற்றியிருப்பதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். ஹவாயில் அதை ஒபிஹி என்கிறார்கள், விரும்பி உண்பார்கள். அலை அடித்துத் துவைக்கும் பாறையில்தான் அது வளரும். அதைப் பறிக்கப் போய் உயிர்விட்ட உள்ளூர்க்காரர்கள் பலர். கடலோடு பிறந்து வளர்ந்தவர்களையே கொண்டுபோன இடம் அது. ஒபிஹி ஒட்டியிருக்கும் பாறையில் காலை வைத்தால் அலையின் வீட்டுக்குள் நிற்கிறாய்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில் இன்னொன்றும் நடக்கும். உன் கண்ணுக்குத் தாளம் பிடிபடும். பெரிய அலை வருமுன் தட்டோரக் கடல் சற்றுத் தாழும், பாறையிலிருந்து நீர் வடியும். துளை உள்ளே இழுக்கும் சத்தம் ஒன்று கேட்கும், நீளமான மூச்சுபோல. பிறகு ஒரு மோதல், அது காதைவிடக் காலில்தான் முதலில் தெரியும். அதற்கப்புறம்தான் நீர். முதலில் வருவது பனிபோன்ற துகள், அதைத் துளைத்துக்கொண்டு கெட்டியான நீர்த்தூண், உச்சியில் அது விரிந்து காற்று வீசும் பக்கம் சாய்கிறது. எனக்குப் பிடித்த கணம் தூண் உச்சிக்குப் போய் இன்னும் விழத் தொடங்காத கணம். அந்த ஒரு நொடியில் நீருக்கு நரம்பு நரம்பாக உருவம் இருக்கும். சத்தம் கேட்டபின் விரலை வைத்தால் அந்தக் கணம் போய்விட்டிருக்கும். தட்டோரக் கடல் தாழ்வதைக் கண்ட உடனே விரல் தயாராக வேண்டும். இதை முக்கால் மணி உட்கார்ந்தவனால்தான் செய்ய முடியும். துளைக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டோரக் கடலே தெரியாது.

இப்போது லென்ஸ். வைட் லென்ஸ் எதையும் தூரமாகத் தள்ளிவைக்கும். ஐம்பது அடி எழும் தூண்கூட அதில் குச்சியாகத் தெரியும், அதனால்தான் அது உன்னை இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று இழுக்கிறது. லென்ஸின் குணத்துக்காக நீ உயிரைக் கொண்டுபோய் வைக்கிறாய். 70–200 அல்லது 100–400 எடுத்துப் போ. மேட்டிலிருந்து பார்த்தால் துளை, பாறைத்தட்டு, மோதும் அலை, அதற்குப் பின்னால் வரிசைகட்டி வரும் அடுத்த அலைகள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். டெலி லென்ஸ் பின்னணியை முன்னால் இழுத்து நிறுத்தும், தூண் பின்னால் இருக்கும் கடலுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும். அலைக்கும் தூணுக்கும் உள்ள உறவு படத்தில் தெரிய வேண்டும். அது தெரியாத படத்தில் இருப்பது வெறும் நீரூற்று, எந்தப் பூங்காவிலும் எடுக்கலாம்.

நீரை உறையவைக்க வேண்டுமானால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. புகைபோல வேண்டுமானால் கால் வினாடி, அரை வினாடி, அதற்கு ட்ரைபாட் அசையாமல் இருக்க வேண்டும். மேட்டில் காற்று பலமாக வீசும், பையை ட்ரைபாடின் நடுவே தொங்கவிடு. இதெல்லாம் நீ அறிந்ததுதான். வானவில்லைப் பற்றித்தான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

வானவில் சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியைச் சுற்றி 42 பாகை ஆரத்தில் விழும் வட்டம். அந்தப் புள்ளி எங்கே என்று தேட வேண்டியதில்லை, உன் தலையின் நிழல் விழும் இடமே அது. சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். சமதளத்தில் நிற்பவனுக்கு அதன்பின் வில் இல்லை. துளையோரம் நின்று மேலே அண்ணாந்து பார்ப்பவனுக்கும் இல்லை. மேட்டில் நின்று கீழே பார்ப்பவனுக்கு மட்டும் உண்டு, ஏனென்றால் அவன் பார்ப்பதே அடிவானத்துக்குக் கீழே. ஜனவரி நடுவில் மாவியில் உச்சிவேளையில்கூட சூரியன் 50 பாகையைத் தொடாது, தெற்கே நிற்கும். நீ மேட்டில் வடக்கு நோக்கி நிற்பாய். முதுகில் வெயில், முன்னால் சரிவு, கீழே துளை. நிழலைப் பார், அதிலிருந்து 42 பாகை அளந்துகொள். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய 20 பாகை, அதைப்போல இரு மடங்கு. வில் தூணின் மேல் விழாவிட்டால் மேட்டிலேயே இடமோ வலமோ நகர்ந்து போ, நீ நகரும்போது வில்லும் உன்னோடு நகரும். ஒருநாள் கோடையில் போனால் இந்தக் கணக்கு மாறும். மே கடைசியிலும் ஜூலை நடுவிலும் அந்தத் தீவில் சூரியன் நடு உச்சிக்கே வந்துவிடும், நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அப்போது காலையும் மாலையும்தான் உனக்கு. போலரைசர் போட்டிருந்தால் கவனம், அதைத் தவறான பக்கம் திருப்பினால் வில்லையே அழித்துவிடும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுக்கும் உப்புத் தூவல் வரும். லென்ஸ் முகத்தில் காய்ந்த உப்பைத் துணியால் அழுத்தித் துடைக்காதே, கோடு விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் கரைத்து எடு. அங்கே லென்ஸ் மாற்றவே மாற்றாதே. திரும்பியதும் ட்ரைபாடின் கால்களை நீட்டி நல்ல தண்ணீரில் அலசு.

நடைக்கு வருவோம். ஹொனொவாபிலானி நெடுஞ்சாலையில் 38-ஆவது மைல்கல் அருகிலும் அதற்கு அரை மைல் தாண்டியும் வண்டிகள் நிற்கும். இரண்டாவது இடத்திலிருந்து துளைக்குத் தூரம் குறைவு, சரிவு அதிகம். சரளை உருளும், உப்பு அரித்த பாறைகள் தேன்கூடுபோலத் துளைத்துக் கத்திபோல முனை விட்டிருக்கும். ரப்பர் செருப்போடு வருகிறவர்களைப் பார்த்து நீயும் போகாதே, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். தண்ணீர் கொண்டுபோ. வண்டியில் பொருள் எதையும் கண்ணில் படும்படி வைக்காதே. உயிர்காப்போர் யாரும் அங்கே இல்லை. போனில் சிக்னலை நம்பாதே, எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ.

தனியாகப் போகாதே என்பதை வழக்கமான அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதே, நம் தொழிலுக்கு அது தனிக் காரணத்தோடு பொருந்தும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவனுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. எடுத்த படம் வந்திருக்கிறதா என்று திரையைக் குனிந்து பார்க்கும் நேரம் இன்னும் மோசம். சட்டத்துக்குள் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று பின்னால் அடிவைப்பவனுக்குக் காலடியே தெரியாது. கூட வருபவருக்கு ஒரே வேலை, கடலைப் பார்ப்பது. அவர் 'போதும், வா' என்றால் ஏன் என்று கேட்காமல் எழுந்து வர வேண்டும். இதைப் புறப்படுமுன்பே பேசி வைத்துக்கொள். கடலுக்கு முதுகு காட்டாதே என்று ஹவாயில் உயிர்காப்போர் சொல்லிச் சொல்லி அலுத்த வாக்கியம், படமெடுப்பவனுக்குத் துணை ஒருவர் இருந்தால்தான் நிறைவேறும். லென்ஸ் மூடி உருண்டு கீழே போனால் போகட்டும்.

யாராவது துளைக்குள்ளோ கடலிலோ விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதே. 911-ஐ அழை, சிக்னல் இல்லையென்றால் ஒருவரைச் சாலைக்கு ஓடவிடு. மிதக்கும் பொருள் எதுவானாலும் எறி. விழுந்தவர் கண்ணில் பட்டால் ஒருவர் கையை அந்தப் பக்கமாகவே நீட்டிக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அலைக்குள் ஒரு தலையைத் தொலைப்பது மிகச் சுலபம்.

மற்ற துளைகளையும் பார்க்க நேரம் இருந்தால் காவாய்த் தீவின் தென்கரையில் ஸ்பௌட்டிங் ஹார்னுக்குப் போ. தடுப்புவேலிக்கு இப்பால் நின்றே எல்லாம் பார்க்கலாம். அதன் சிறப்பு சத்தம். நீர் எழும் துளைக்குப் பக்கத்தில் காற்று மட்டும் வரும் இன்னொரு துளை முனகும். உள்ளே ஒரு பெரும் பல்லி மாட்டிக்கொண்டு அழுகிறது என்பது அந்த மண்ணின் கதை. வீடியோவும் ஒலியும் பதிவு செய்ய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதன் அருகே அதைவிட உயரமாக எழுந்த இன்னொரு துளை இருந்தது. அதன் உப்புத் தூவல் கரும்பை வாட்டுகிறது என்று 1920-களில் தோட்டக்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எனக்கு இன்றும் அதை நினைத்தால் ஆறவில்லை. சமோவாவில் சவாயித் தீவின் டாகா கிராமத்து அலோஃபாகா துளைகள் இன்னொரு வகை. கிராமத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, தயங்காமல் கொடு. ஊர்க்காரர் ஒருவர் தேங்காயைத் துளைக்குள் போட்டு அது வானத்துக்குப் பறப்பதைக் காட்டுவார். எந்த அலைக்குப் போட வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்க அந்தக் கடலைப் பார்த்துக் கற்றது. அவரைப் படமெடு, அவர் நின்ற இடத்தில் போய் நிற்காதே.

மாவியில் நாகாலேலேக்குப் போகும் வழியில் லஹைனாவைக் கடந்து போவாய். 2023 ஆகஸ்டில் அந்த ஊர் தீக்கிரையானது, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இழந்தவர்கள் பலர் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். வண்டியை நிறுத்தி வெறிச்சோடிய மனைகளைப் படமெடுக்காதே. சாப்பாட்டை அந்தப் பக்கத்துக் கடைகளில் சாப்பிடு.

கடைசியாக, படத்தை வெளியிடுவது. நீ எனக்கு அனுப்பிய அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் அந்த ஈரப் பாறையைத் தேடிப் போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கலக்கமாக இருக்கிறது. நாம் எடுக்கும் படம் எங்கே நிற்கலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, நாம் அப்படி நினைக்காவிட்டாலும். தூணின் உயரத்தைக் காட்ட ஆள் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டியதில்லை. பின்னால் உடையும் அலை இருக்கிறது, பாறையின் அடுக்குகள் இருக்கின்றன, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதே கடலில் திமிங்கிலங்கள்கூட மூச்சுவிட மேலே வருகின்றன. நீ மேட்டில் நிற்கும்போது கீழே யாராவது துளையோரம் போனால் அவரைச் சட்டத்துக்குள் வைக்காதே. முடிந்தால் கூப்பிட்டுச் சொல், கேட்காவிட்டால் கேமராவை இறக்கிவிடு. உன் படத்துக்காகவே அவர் அங்கே நிற்பதாக ஆகிவிடக் கூடாது.

படத்தோடு போடும் குறிப்பில் மேட்டிலிருந்து எடுத்தது, இந்த லென்ஸில் எடுத்தது, அன்றைய அலை இத்தனை அடி இத்தனை வினாடி என்று எழுது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மிதவை அளவுகளைப் பார்த்துப் பழகு, புரியாததை எனக்கு எழுதிக் கேள். திரும்பி வந்ததும் கழித்த படங்களையும் சேர்த்து அனுப்பு, சேர்ந்து உட்கார்ந்து தேர்ந்தெடுப்போம்.

அன்புடன்,
அண்ணன்